நாலு மாசம் போயிட்டு வரட்டும்

போன ஞாயிற்றுக்கிழமை என் தங்கை மகன் சாத்தூரிலிருந்து வந்திருந்தான். காப்பி குடித்து முடித்ததும் வழக்கம்போல மழை, கல்யாணம், யாருக்கு உடம்பு சரியில்லை என்று பேச்சு போகும் என்று நினைத்தேன். ஆனால் அவன் முகம் சரியில்லை.

"மாமா, உங்க பேத்தி ஒரு வம்ப இழுத்துட்டு வந்திருக்கா. நீங்கதான் ஒரு முடிவு சொல்லணும்."

பேத்தி என்றால் அவன் மகள். மதுரையில் வேதியியலில் பிஎச்.டி. செய்கிறாள். இது மூன்றாவது வருஷம். உலோகப் பொடிகள் ஈரக்காற்றில் கெட்டுப்போகாமல் இருக்க மேல்பூச்சு கொடுப்பது பற்றிய ஆராய்ச்சி. சென்னைப் பக்கம் ஒரு பெயிண்ட் கம்பெனியில் நாலு மாதம் இன்டர்ன்ஷிப் கிடைத்திருக்கிறது. போக வேண்டும் என்கிறாள். அவளுடைய கைடு, "போகலாம், ஆனால் தீசிஸ் தள்ளிப்போகும், யோசித்துக்கொள்" என்று சொல்லிவிட்டாராம்.

தகப்பனுக்கு வேறு கவலை. "படிக்கிறதுன்னா படிக்கணும், வேலைன்னா வேலைக்குப் போகணும். ரெண்டுங்கெட்டானா இது என்ன மாமா? வயசும் இருபத்தாறு ஆச்சு."

எனக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. "ஒரு வாரம் டயம் குடுப்பா" என்று அனுப்பி வைத்தேன். அவனுக்குச் சொல்ல வேண்டிய பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். நம்ம தாயில்பட்டி, வெம்பக்கோட்டை வட்டாரத்தில் இன்று தெருவுக்கு ஒரு பிள்ளையாவது மேல்படிப்பில் இருப்பதால், வேறு வீடுகளுக்கும் இது உதவக்கூடும்.

முதலில் இந்த இன்டர்ன்ஷிப் என்பது என்ன என்று சொல்லிவிடுகிறேன். நம் காலத்தில் ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் பையன்கள் 'அப்ரண்டிஸ்' என்று ஆலைக்கு வருவார்கள். அவர்கள் வேலை கற்றுக்கொள்ள வந்தவர்கள். ஆராய்ச்சி மாணவர் போவது அதற்கு அல்ல. தன் கையில் ஏற்கெனவே ஒரு கேள்வியை வைத்திருப்பவர், சில மாதங்கள் தொழிற்சாலையில் இருந்து, அங்கே உள்ள ஒரு பிரச்சினையில் வேலை செய்து, மறுபடி திரும்பி வந்து தன் ஆய்வேட்டை முடிப்பார். வேலையை விட்டுவிட்டுப் படிப்பதும் இல்லை, படிப்பை விட்டுவிட்டு வேலைக்குப் போவதும் இல்லை. இடையில் ஒரு பயணம், அவ்வளவுதான்.

இப்படி ஒரு பயணம் நம் சீமைக்குப் புதிதா? இல்லவே இல்லை. நம்ம வயிற்றுப்பாடே அதிலிருந்துதான் தொடங்கியது. 1922-இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் ரயிலேறிக் கல்கத்தா போனார்கள். அங்கே மாதக்கணக்கில் தங்கித் தீப்பெட்டி செய்யும் தொழிலைக் கற்றுக்கொண்டார்கள். திரும்பி வந்து 1923-இல் சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினார்கள். மழை இல்லாத, மண் விளையாத கரிசல் காட்டுக்கு அதுவே ஒரு சோற்று வழியானது. தீப்பெட்டிக்குப் பின்னால் பட்டாசும் அச்சுத் தொழிலும் வந்தன. அவர்கள் பட்டம் வாங்கப் போகவில்லை, உண்மைதான். ஆனால் தொழில் நடக்கும் இடத்தில் போய் நின்று கண்ணால் பார்க்காமல் எந்தப் புத்தகமும் அதைச் சொல்லிக் கொடுத்திருக்காது. பின்னால் 1963-இல் சிவகாசியில் தொடங்கிய கல்லூரிக்கு அய்ய நாடார் ஜானகி அம்மாள் பெயர்தான். தொழிலில் கற்றவர் பெயரில் கல்லூரி இருக்கிறது. ஆனால் அதற்குப் பிறகு கல்லூரிக்கும் ஆலைக்கும் நடுவே ஒரு சுவர் எழும்பிவிட்டது என்பது என் வருத்தம்.

அந்தச் சுவரின் ஒரு கல்லை நானே வைத்தேன். இதுவரை எழுதாத விஷயம் இது.

பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி முடித்து 1977-இல் பட்டாசு ஆலையில் சேர்ந்தவன் நான். முப்பது வருஷத்துக்கு மேல் போர்மேன். 2003 ஆவணி மாதம் ஒரு ஆராய்ச்சி மாணவி எங்கள் ஆலைக்கு வந்தாள். எந்த ஆலை, எந்தப் பல்கலைக்கழகம் என்பது இங்கே வேண்டாம். பட்டாசு மருந்துக் கலவை எந்த அளவு உராய்வில், எந்த அளவு சூட்டில் பற்றிக்கொள்ளும் என்பது அவள் ஆராய்ச்சி. எட்டு வாரம் இருக்க அனுமதி வாங்கியிருந்தாள்.

முதல் வாரம் ஆபீஸ் அறையில் உட்கார வைத்துவிட்டோம். இரண்டாவது வாரம் முதலாளி, "சுத்திக் காட்டுங்க, அறைக்குள்ள விடாதீங்க" என்றார். நான் கூட்டிக்கொண்டு போனேன். அவள் லேபில் பயன்படுத்திய வெடியுப்பும் கந்தகமும் அலுமினியப் பவுடரும் பாட்டிலில் வரும் சுத்தமான சரக்கு. எங்கள் ஆலைக்கு வருவது மூட்டையில். ஒரு லோடு மாதிரி அடுத்த லோடு இருக்காது. மையாக அரைத்த அலுமினியப் பவுடர் வேறு, சற்றுப் பரும்பரும்பாக வரும் பவுடர் வேறு. இரண்டும் தீயில் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது. அந்தப் பிள்ளை சல்லடையைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "அய்யா, இது தேஞ்சு போச்சே. எத்தனை நாளைக்கு ஒருக்கா மாத்துவீங்க?" என்றாள். இருபத்தைந்து வருஷத்தில் என்னிடம் யாரும் கேட்காத கேள்வி.

அடுத்து அவள் கண்டுபிடித்தது நேரம். லேபில் கலவைக்கு நேரம் கிடையாது. ஆலையில் காலை எட்டு மணி மருந்தும் மத்தியானம் இரண்டு மணி மருந்தும் ஒன்றல்ல. சித்திரை வெயில் வேறு, ஐப்பசி மழைக்காற்று வேறு. அதைவிட முக்கியமாக, வெள்ளிக்கிழமை வேறு. பீஸ் ரேட் வேலையில் சனிக்கிழமை சம்பளம். வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் எல்லாக் கைகளும் வேகமாக ஓடும். தீபாவளி நெருங்க நெருங்க, நாலு பேர் இருக்க வேண்டிய அறையில் எத்தனை பேர் இருந்தார்கள் என்பது எனக்குத் தெரியும், இதைப் படிக்கிற உங்களில் பலருக்கும் தெரியும். அவள் இதையெல்லாம் எழுதிக்கொண்டாள். "நான் லேப்ல ஒரே சூட்டுல, ஒரே ஈரத்துல வச்சுத்தான் டெஸ்ட் பண்ணினேன். எல்லாத்தையும் திரும்பச் செய்யணும்" என்றாள். அலுத்துக்கொள்ளவில்லை, சந்தோஷமாகத்தான் சொன்னாள்.

கடைசி வாரம் என்னிடம் ஒன்று கேட்டாள். "அய்யா, மருந்து ஈரம் பட்டுத் தானாச் சூடேறி, சின்னதாப் புகைஞ்சது, பத்திக்கிட்டது, அப்படி ஏதாவது நடந்திருக்கா? பெரிய விபத்து இல்ல. யாருக்கும் ஒண்ணும் ஆகாத சின்ன விஷயம்."

அந்த ஒரு வருஷத்தில் மட்டும் மூன்று தடவை நடந்திருந்தது. நைட்ரேட்டும் அலுமினியப் பவுடரும் சேர்ந்த கலவை ஈரத்தில் கிடந்தால் உள்ளுக்குள் மெல்லச் சூடேறும். மழை தூறின மறுநாள் கழிவு மருந்துக் குழியில் புகை வந்ததை நானே மண்ணள்ளிப் போட்டு அணைத்திருக்கிறேன். ஆனால் இந்த மாதிரி விஷயம் வெளியே போகக் கூடாது என்பது ஆலையின் சட்டம். லைசென்சுக்குப் பிரச்சினை வரும், வேலை நிற்கும், முந்நூறு குடும்பம் கஞ்சிக்கு அல்லாடும்.

"அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லம்மா" என்றேன்.

அவள் நோட்டில் 'சம்பவம் இல்லை' என்று எழுதினாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு கார்த்திகை மாதம். முதல் நாள் மிஞ்சிய மருந்தைத் தட்டில் வைத்து மூடிவிட்டுப் போயிருந்தார்கள். ராத்திரி முழுக்க மழை. காலையில் மூடியைத் திறந்தவருக்கு இரண்டு கையும் முகமும் வெந்துபோயின. பிழைத்துக்கொண்டார். ஆனால் விரல்கள் இன்றும் முழுதாக மடங்காது. சோற்றைப் பிசைய முடியாமல் கரண்டியில்தான் சாப்பிடுகிறார். அவரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த நோட்டுதான் ஞாபகம் வரும். அன்று உண்மையைச் சொல்லியிருந்தால் இது நடந்திருக்காது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கேள்வியைச் சரியாகக் கேட்ட ஒரே ஆள் அந்தப் பிள்ளைதான். பதிலை வைத்துக்கொண்டு மறைத்தவன் நான்.

நம்ம பக்கம் விபத்து நடந்தால் மறுநாள் பேப்பரில் என்ன போடுவார்கள் என்பது உங்களுக்கு மனப்பாடம். "மருந்து உராய்வால்." 2012 செப்டம்பர் 5-இல் முதலிப்பட்டியில் 30-க்கும் மேற்பட்டோர் போனார்கள். 2021 பிப்ரவரி 12-இல் அச்சங்குளம். இவை போக, நடுவிலும் பிறகும் எத்தனையோ சாவுகள். ஒவ்வொரு தடவையும் 'உராய்வு' என்ற ஒரு சொல்லோடு கதை முடிந்துவிடுகிறது. ஏன் உராய்ந்தது, எந்த ஈரத்தில், எந்தச் சல்லடையில், எத்தனை மணிக்கு, யாருடைய அவசரத்தில் என்று கேட்க ஒரு ஆள் வேண்டாமா? போலீஸ்காரர் குற்றவாளியைத் தேடுவார். அதிகாரி லைசென்சைப் பார்ப்பார். முதலாளிக்கு ஆர்டர் இருக்கிறது. நஷ்டமும் லாபமும் இல்லாமல், காரணத்தை மட்டும் தேடக்கூடியவர் ஆராய்ச்சி மாணவர் ஒருவர்தான்.

இன்னொரு விஷயத்தையும் யோசித்துப் பாருங்கள். 2018 அக்டோபர் 23-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பேரியம் உப்பு கூடாது, புகை குறைந்த பசுமைப் பட்டாசு மட்டும்தான் என்றது. பேரியம் நைட்ரேட் என்றால் நம்ம பச்சை உப்பு. கம்பி மத்தாப்பு, பூச்சட்டி, சக்கரம் எல்லாம் அதை நம்பித்தான் இருந்தன. நம் ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக்கிடந்தன. கடைக்காரர் கடன் கொடுப்பதை நிறுத்தியதும், பெண்கள் நூறு நாள் வேலைக்கு வரிசையில் நின்றதும் மறந்திருக்காது. கடைசியில் மாற்று மருந்துக் குறிப்பு எங்கிருந்து வந்தது? நாக்பூரில் உள்ள நீரி ஆய்வகத்திலிருந்து. நம் காரைக்குடி சிக்ரி உட்பட சி.எஸ்.ஐ.ஆரின் வேறு சில ஆய்வகங்களும் அதில் சேர்ந்து வேலை செய்தன. எரியும்போது நீராவி விட்டுத் தூசியை அமுக்குவது ஒரு வகை, அலுமினியத்தைக் குறைப்பது ஒரு வகை, வெடியுப்பும் கந்தகமும் இல்லாமல் செய்வது ஒரு வகை. துகள் மாசு சுமார் 30 சதவீதம் குறையும் என்றார்கள். நல்ல வேலைதான், குறை சொல்லவில்லை. ஆனால் லைசென்சும் நாக்பூரிலிருந்து, மருந்தும் நாக்பூரிலிருந்து என்றால், தலைமுறை தலைமுறையாக வெடி செய்கிற நாம் எதைச் செய்துகொண்டிருந்தோம்?

சிவகாசியிலும் விருதுநகரிலும் கிருஷ்ணன்கோவிலிலும் வேதியியல் ஆராய்ச்சி நடக்கிறது. அரை மணி, முக்கால் மணி பஸ் பயணம். இருபது வருஷத்துக்கு முன்பிருந்தே வருஷத்துக்குப் பத்து மாணவர்கள் நம் ஆலைகளுக்குள் வந்து நாலு நாலு மாதம் இருந்துவிட்டுப் போயிருந்தால், பச்சை உப்புக்கு மாற்று என்ன என்று கோர்ட் கேட்பதற்கு முன்னாலேயே நம்மிடம் பாதிப் பதிலாவது இருந்திருக்கும். வாசலில் வாட்ச்மேனை நிறுத்திவைத்தோம். அதற்கான விலையைக் கொடுத்தோம்.

வெளிநாட்டில் இதை எப்போதோ சட்டமாகவே ஆக்கிவிட்டார்கள். பிரான்சில் 1981 முதல் ஒரு திட்டம் உண்டு. கம்பெனியே மாணவரை வேலைக்கு எடுத்துக்கொள்ளும், மூன்று வருஷம் அவர் அங்கேயும் பல்கலைக்கழகத்திலுமாக இருந்து டாக்டர் பட்டம் வாங்குவார், கம்பெனிக்கு அரசு மானியம் கொடுக்கும். நம் நாட்டிலும் 2012-இல் ஆராய்ச்சி மாணவருக்கு உதவித்தொகையில் ஒரு பங்கை அரசும் ஒரு பங்கைத் தொழில் நிறுவனமும் கொடுக்கும் திட்டம் ஒன்று பிரதமர் பெயரில் வந்தது. சி.எஸ்.ஐ.ஆர். ஆய்வகங்களில் பிஎச்.டி. செய்கிறவர்கள் சில வாரங்கள் ஊர்ப்புறத்து மக்களின் பிரச்சினை ஒன்றை எடுத்து வேலை செய்தே ஆக வேண்டும் என்று விதியே உண்டு. ஆகவே என் பேத்தி கேட்பது ஒன்றும் உலகத்தில் இல்லாத வம்பு இல்லை.

சரி, எதிர்ப்பக்கம் சொல்வதில் நியாயமே இல்லையா? இருக்கிறது. கைடு சொல்வது போல நாலு மாதம் போனால் அந்த நாலு மாதமும் ஆய்வேட்டில் ஒரு வரி ஏறாது. போன இடத்தில் பிள்ளையை ஒரு மூலையில் உட்கார வைத்து, கம்ப்யூட்டரில் கணக்கு ஏற்றச் சொல்லி, சம்பளம் இல்லாத குமாஸ்தாவாக ஆக்கிவிடுவதும் நடக்கிறது. சில இடங்களில் கண்டுபிடித்ததை வெளியே சொல்லக் கூடாது என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு, பின்னால் ஆய்வேட்டிலேயே போட விடமாட்டார்கள். இன்னொரு ஆபத்தும் உண்டு. கம்பெனிக்கு லாபம் தராத கேள்விகளை யாரும் கேட்காமல் போய்விடுவார்கள். அதனால் எல்லா ஆராய்ச்சி மாணவரும் போக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கணிதத்தில் ஒரு தேற்றத்தை நிரூபிக்கிறவருக்குத் தொழிற்சாலையில் வேலை இல்லை. ஆனால் ஒரு பொருளைப் பற்றி, அது ஈரத்திலும் சூட்டிலும் என்ன ஆகிறது என்பதைப் பற்றி ஆராய்கிறவர், அந்தப் பொருள் டன் கணக்கில் புழங்கும் இடத்தைப் பார்க்காமல் டாக்டர் பட்டம் வாங்குவது, சமையலறைக்குள் நுழையாமல் சமையல் புத்தகம் எழுதுவது மாதிரி.

தங்கை மகனுக்கு நான் சொல்வது இதுதான். போகட்டும். ஆனால் நாலு விஷயத்தைப் பார்த்துக்கொண்டு போகட்டும்.

முதலாவது, நேரம். முதல் வருஷம் போகக் கூடாது. கையில் கேள்வியே இருக்காது. ஆய்வேடு எழுதும் கடைசிக் காலத்திலும் போகக் கூடாது. பேத்தி இருக்கும் மூன்றாவது வருஷம் சரியான நேரம். யு.ஜி.சி.யின் 2022 விதிப்படி பிஎச்.டி.க்குக் குறைந்தது மூன்று வருஷம், அதிகபட்சம் ஆறு வருஷம். அதில் நாலு மாதம் மலை இல்லை.

இரண்டாவது, எழுத்து. அங்கே செய்ததில் எதை ஆய்வேட்டில் போடலாம், எது கம்பெனி ரகசியம் என்பதைப் போவதற்கு முன்னால் காகிதத்தில் எழுதிக் கைடும் கம்பெனியும் கையெழுத்துப் போட வேண்டும். வந்த பிறகு பேசிக்கொள்ளலாம் என்பது பாகப்பிரிவினையில் சொல்வது மாதிரி. கடைசியில் சண்டையில்தான் முடியும்.

மூன்றாவது, சம்பளமும் பாதுகாப்பும். ஸ்டைபண்டு எவ்வளவு, தங்குவது எங்கே, உடம்புக்கு ஒன்று என்றால் யார் பொறுப்பு என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம். இலவசமாக வாங்கிய உழைப்பை யாரும் மதிக்க மாட்டார்கள்.

நாலாவதுதான் எனக்கு முக்கியம். அங்கே அவளுக்கு உண்மையைச் சொல்ல ஒரு ஆள் இருக்க வேண்டும். மேனேஜராக இருக்க வேண்டியதில்லை. கலவை போடுகிறவர், மெஷின் ஓட்டுகிறவர், இருபது வருஷம் நின்று பார்த்த ஒரு போர்மேன். முதல் வாரமே அந்த ஆளைக் கண்டுபிடித்து, அவரோடு டீ குடிக்கப் பழக வேண்டும்.

நம் ஊர் முதலாளிமாருக்கும் போர்மேன்களுக்கும் ஒரு வார்த்தை. ஆராய்ச்சிப் பிள்ளைகள் வந்தால் உள்ளே விடுங்கள். யாருக்கும் காயமில்லாத சின்னச் சின்னத் தீயை ஒரு நோட்டில் தேதி, நேரம், மழையா வெயிலா என்று எழுதி வையுங்கள். பெயர் வேண்டாம், ஆலைப் பெயர்கூட வேண்டாம். ஆனால் அந்த நோட்டை அவர்களிடம் காட்டுங்கள். அது வெளியே போனால் லைசென்ஸ் போய்விடும் என்ற பயம் எனக்கும் இருந்தது. அந்தப் பயத்தில் மறைத்ததால் ஒரு மனுஷன் விரல்கள் போயின.

நேற்று ராத்திரி பேத்தியிடம் போனில் பேசினேன். 2003-இல் நடந்ததை அவளிடம் முழுதாகச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "தாத்தா, அந்த அக்காவோட தீசிஸ்ல அந்த 'சம்பவம் இல்லை' வரி அப்படியேதான் இருக்குமா?" என்று கேட்டாள். இருக்கும் என்றேன்.

தகப்பன் இன்னும் சரி என்று சொல்லவில்லை. கைடை நேரில் பார்த்துப் பேசினால்தான் மனசு ஆறும் என்கிறான். வெள்ளிக்கிழமை காலையில் மதுரைக்குக் கிளம்புகிறோம். நானும் கூடப் போகிறேன்.